களையென்று பிடுங்கி எறிந்தது, இங்கே சாப்பாட்டுத் தட்டில்!

ஆரோவில்லில் நிலத்தைக் காடாக்கி, அதிலேயே உணவகம் நடத்தும் இங்கிலாந்துக்காரரின் கதை

மதியம் ஒரு மணி. புதுச்சேரி நெல்லித்தோப்பில் எந்த மெஸ்ஸுக்குள் நுழைந்தாலும் இலையில் என்ன விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சாம்பார், ரசம், மோர், ஒரு கோஸ் பொரியல், ஒரு பீட்ரூட் கூட்டு. இன்று கேரட் என்றால் நாளை பீன்ஸ். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ஊரின் பெயரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்... நெல்லித் தோப்பு! மரத்தின் பெயரையே சுமந்து நிற்கும் இடம். அங்கே சாப்பாட்டில் நெல்லிக்காயைப் பார்க்க வேண்டுமென்றால், ஊறுகாய் பாட்டிலைத்தான் தேட வேண்டும்.

இது நெல்லித்தோப்பின் குறை மட்டுமல்ல. சென்னையில் ஒரு புளியந்தோப்பு, புதுவை பக்கம் ஓர் ஆலங்குப்பம் என்று, மரம் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சிய ஊர்கள் நம்மிடம் நிறையவே உண்டு. மரம் போன பிறகு, அதன் காயும் இலையும் அடுப்படியிலிருந்து போகின்றன. அதன் பிறகு, அதை எப்படிச் சமைப்பது என்ற நினைவும் போய்விடுகிறது.

நெல்லித்தோப்பிலிருந்து டூ வீலரை எடுத்து, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலைகளைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, பெரியமுதலியார்சாவடியில் இடப்பக்கம் திரும்பி மேடேறினால் ஆரோவில். அரை மணி நேரப் பயணம்தான். அங்கே அந்த நினைவைத் தட்டில் வைத்துப் பரிமாறுகிறார் ஒருவர். அவர் பெயர் கிருஷ்ணா மெக்கன்சி. பெயரின் முன்பாதியை வைத்து நம்மூர்க்காரர் என்று நினைக்க வேண்டாம். ஆள் அசல் இங்கிலாந்து. பேச்சு மட்டும் அசல் கிராமத்துத் தமிழ்!

செம்மண் மேட்டில் முளைத்த காடு

கிருஷ்ணாவின் கதைக்குள் போவதற்கு முன், அவர் வந்து சேர்ந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று ஆரோவில்லுக்குச் சுற்றுலா போகிறவர்கள் நிழலான சாலைகளில் நடக்கிறார்கள். ஸ்ரீ அன்னையின் கனவாக, 1968 பிப்ரவரி 28-ம் தேதி அந்த நகரம் தொடங்கப்பட்டபோது, அங்கே நிழல் தேடினால் கிடைத்தவை அந்த ஆலமரமும் சில பனைகளும்தான். மற்றபடி வெட்டவெளி. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளில் இறங்கிக் கடலுக்குப் போகும். கரையோரக் கடல்நீரே செந்நிறமாக மாறும். மேல்மண் போன இடத்தில் விவசாயம் எப்படி நடக்கும்?

அங்கே குடியேறிய முதல் தலைமுறையினருக்கு, வீடு கட்டுவதற்கு முன் மரம் நட வேண்டிய கட்டாயம். மழைநீர் ஓடாமல் இருக்க வரப்பு போட்டார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றினார்கள். உள்ளூர்க் கிராமத்து மக்களின் உழைப்பும் அதில் சரிபாதி. பல லட்சம் மரங்கள் வளர்ந்தன. காடு வளர்ப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஒரு கூட்டமே அங்கே உருவானது.

நட வேண்டிய நாட்டு மரங்களின் விதைக்கு எங்கே போவது? அதற்கும் பதில் பக்கத்திலேயே இருந்தது. நம் ஊர்க் கோயில்காடுகள்! அய்யனாருக்கு அஞ்சி யாரும் கிளை ஒடிக்காத காடுகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு அதற்கு நல்ல சாட்சி. பாலை, காசா, வீரை, கருங்காலி என்று இந்தக் கடற்கரைப் பகுதிக்கே உரிய மரங்கள் இதுபோன்ற கோயில்காடுகளில்தான் தப்பிப் பிழைத்திருந்தன. சாமிக்கென்று விட்டு வைத்ததால் பிழைத்த மரங்கள் அவை.

இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியோ மரமோ நிலைத்திருக்க, மனிதர்களுக்கு அதனிடம் ஏதோ ஒரு தேவை இருக்க வேண்டும். பக்தி ஒரு தேவை. பசி இன்னொரு தேவை. கிருஷ்ணா பிடித்துக்கொண்டது இரண்டாவதை.

பத்தொன்பது வயதில் வந்தவர்

இங்கிலாந்தில், தத்துவ அறிஞர் ஜே.கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய புரோக்வுட் பார்க் பள்ளியில் படித்தவர் கிருஷ்ணா மெக்கன்சி. 1993-ல் ஆரோவில்லுக்கு வந்தபோது அவருக்கு வயது 19. நம் பிள்ளைகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு அரியரைப் பற்றிக் கவலைப்படும் வயது! அவர் மண்ணில் கை வைத்தார். 1996-ல் 'சாலிட்யூட்' என்ற பெயரில் ஆறு ஏக்கரில் பண்ணையைத் தொடங்கினார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் தனிமை என்று பொருள். ஆனால், இன்று அங்கே தனிமை கிடைப்பது கொஞ்சம் கஷ்டம். பண்ணையைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள், விவசாயம் கற்க வருபவர்கள், சாப்பிட வருபவர்கள் என்று ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கிறது.

கிருஷ்ணாவின் குரு ஒரு ஜப்பானியர். மசனோபு ஃபுகோகா. இயற்கை விவசாயத்தில் ஈடுபாடு உள்ளவர்களுக்குப் பழகிய பெயர். 1913-ல் பிறந்த ஃபுகோகா, யோகோஹாமா துறைமுகத்தில் பயிர்களைப் பரிசோதிக்கும் அரசு வேலையில் இருந்தவர். இளம் வயதிலேயே அதை உதறிவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி விவசாயி ஆனவர். 1975-ல் அவர் எழுதிய 'ஒற்றை வைக்கோல் புரட்சி' உலகம் முழுக்கப் பல மொழிகளில் போனது. தமிழிலும் வந்தது. 1988-ல் மகசேசே விருது பெற்றார். இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் களிமண்ணில் உருட்டி வீசும் விதைப்பந்தை உலகம் முழுக்கப் பரப்பியவரும் அவர்தான்.

ஃபுகோகா சொன்னவை நான்கே விஷயங்கள். உழாதே. உரம் போடாதே. களையை வேரோடு ஒழிக்கப் பார்க்காதே. பூச்சிமருந்து அடிக்காதே. கேட்பதற்குச் சோம்பேறியின் விவசாயம்போல இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று. காட்டுக்குள் யாரும் ஏர் ஓட்டுவதில்லை, மூட்டை மூட்டையாக யூரியா கொட்டுவதில்லை. ஆனாலும் காடு செழிக்கிறது. உதிர்ந்த இலை மண்ணுக்கு மூடாக்காகிறது. மூடாக்கின் கீழே ஈரம் தங்குகிறது. ஈரத்தில் மண்புழு வேலை செய்கிறது. அந்த வேலையைக் கெடுக்காமல் இருப்பதுதான் விவசாயியின் வேலை என்றார் ஃபுகோகா.

ஆக, ஆரோவில்லின் மற்றவர்கள் மண்ணைக் காக்கக் காடு வளர்த்தார்கள் என்றால், கிருஷ்ணா சாப்பிடுவதற்குக் காடு வளர்க்கிறார். உணவுக்காடு என்று இப்போது பலரும் பேசுகிற முறை இதுதான். உயரத்தில் மா, பலா, தென்னை. அதற்குக் கீழே முருங்கை, வாழை, பப்பாளி. இடுப்பளவில் சுண்டைக்காய். தரையில் கீரைகளும் கிழங்குகளும். மரத்தைப் பற்றி ஏறும் கொடிகள். சதுரம் சதுரமாகப் பாத்தி பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் வெறும் புதராகத்தான் தெரியும்!

மெனு எழுதுவது மண்

பண்ணையோடு சேர்ந்ததுதான் உணவகம். நிலத்தில் விளைந்தது, நாலு எட்டில் அடுப்பு, அடுத்த நாலு எட்டில் தட்டு.

உணவகம் நடத்துகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய விஷப்பரீட்சை என்று சொல்வார்கள். ஒரு சாதாரண மெஸ்ஸில் முதலில் மெனு முடிவாகும். அதற்கேற்ப விடியற்காலையில் மார்க்கெட்டுக்கு ஆள் போவார். ஊட்டி கேரட், பெங்களூர் கத்திரிக்காய், ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து இறங்கிய லோடு என்று எல்லாம் கிடைக்கும். இன்று கோஸ் விலை ஏறினால் நாளை சுரைக்காய். வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது.

நிலத்தை நம்பி நடத்தும் கடையில் கதை தலைகீழ். காலையில் நிலத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் மதியச் சாப்பாடு. வாழை தார் தள்ளினால் பூ, காய், பழம், தார் வெட்டிய பிறகு தண்டு என்று வாரம் முழுக்க வாழை மணக்கும். பப்பாளி காய்த்துத் தொங்கினால், அது பழுப்பதற்குள்ளேயே பொரியலாகவும் சாலட்டாகவும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை கொட்டும். சித்திரை வெயிலில் கீரை சுருங்கும். அப்போது சமையல்காரரின் கற்பனைக்குத்தான் வேலை அதிகம். 'நேற்று சாப்பிட்டது இன்றைக்கும் வேண்டும்' என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இந்தக் கடை ஒத்துவராது.

இதில் ஒரு லாபக் கணக்கும் இருக்கிறது. விவசாயி தன் விளைச்சலை மண்டியில் போட்டால் கிலோவுக்குச் சில ரூபாய்தான் கைக்கு வரும். அதிலும் சுண்டைக்காயையும் பிரண்டையையும் மூட்டை கட்டிக்கொண்டு போனால் எடைபோடவே ஆள் இருக்காது. அதே பொருள் சமைத்த உணவாக மாறும்போது விலை பல மடங்காகிறது. நடுவில் தரகர் இல்லை, லாரி வாடகை இல்லை, வழியில் அழுகி வீணாவதும் இல்லை. விவசாயம் செய்தால் நஷ்டம் என்று நிலத்தை பிளாட் போடும் காலத்தில், ஆறு ஏக்கர் மண்ணாகவே நிற்பதற்கு இந்த அடுப்பும் ஒரு காரணம்.

'இங்கிலீஷ் காய்' வேண்டாம் என்ற இங்கிலாந்துக்காரர்

நம் வீடுகளில் கேரட், பீன்ஸ், கோஸ், பீட்ரூட்டுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இங்கிலீஷ் காய். விருந்தாளி வந்தால் அதுதான் மரியாதை. முருங்கைக்கீரையும் பப்பாளிக்காயும் வீட்டு மனிதர்களுக்கு. அல்லது வீட்டிலும் இல்லை!

நல்ல வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்திலிருந்து வந்த கிருஷ்ணா, மேடை கிடைத்தால் மேடையில், யூடியூபில் பேசினால் யூடியூபில், அந்த இங்கிலீஷ் காயை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்தில் தானாக முளைப்பதைச் சாப்பிடச் சொல்லித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். வேலியோரத்து மணத்தக்காளி, கூரையேறும் கோவைக்காய், ஈர மண்ணில் படரும் பசலை. நாம் களை என்று பிடுங்கி எறிவதைக் கையில் எடுத்துக் காட்டி, அதன் தமிழ்ப்பெயரையும் சொல்கிறார். கேட்பவர்களுக்குச் சிரிப்பும் வருகிறது, உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றும் இருக்கிறது.

'நம்ம பாட்டி சொன்னதை ஒரு வெள்ளைக்காரர் வந்து சொன்னால்தான் கேட்போமா?' என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. பதில் சங்கடமானது. பாட்டிகள் சொன்னபோது நாம் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. கீரை தேடிப் பறிப்பது இல்லாதவர்களின் வேலை என்று நினைத்தோம். கையில் காசு புரண்டதும் முதலில் விட்டது அந்தப் பழக்கத்தைத்தான். வரகும் சாமையும் கேழ்வரகும் ஏழைச் சாப்பாடு என்ற பெயரோடு ஓரம்போனது இப்படித்தான். இப்போது அவையே அழகான பாக்கெட்டில், கூடுதல் விலையில், சூப்பர் மார்க்கெட் அலமாரியில்!

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நாம் 'நாட்டுக்காய்' என்று கொண்டாடும் எல்லாமே இங்கே பிறந்தவை அல்ல. பப்பாளி, மிளகாய், சுண்டைக்காய் மூன்றுக்கும் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஆனால், அவை நம் வெயிலோடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டன. காகம் தின்று போட்ட விதையிலிருந்து கொல்லையில் தானாகவே முளைக்கின்றன. மலையின் குளிர் கேட்கும் கேரட்டால் புதுவை வெயிலில் அது முடியாது. யார் எங்கே பிறந்தார் என்பதைவிட, வந்த மண்ணோடு எப்படிப் பொருந்தினார் என்பது முக்கியம். செடிகளுக்கும் சரி, கிருஷ்ணாவுக்கும் சரி!

புயல் சொன்ன பாடம்

இது வெறும் ருசி சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரிக்காரர்களுக்கு அதைப் புரிய வைத்தவை புயல்கள்.

2011 டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலை. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. ஆரோவில்லில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அதிகம் விழுந்தவை, ஆரம்ப காலத்தில் சீக்கிரம் நிழல் வேண்டும் என்று நட்ட ஆஸ்திரேலிய அகேசியா மரங்கள். அவற்றைக் குறை சொல்லக் கூடாது. மொட்டை நிலத்தில் முதல் நிழலும் முதல் மூடாக்கும் அவை தந்தவைதான். ஆனால் காற்று வந்தபோது, மெதுவாக வளர்ந்து ஆழமாக வேர் பிடித்த நாட்டு மரங்களே பெருமளவு தாக்குப்பிடித்தன.

2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தெருக்களில் படகு ஓடிய நாள்கள் அவை. சாலை துண்டிக்கப்பட்டால் காய்கறி லோடு வராது. லோடு வராவிட்டால் வந்த கொஞ்சத்துக்கு விலை எகிறும். ஒரு நகரத்தின் சாப்பாடு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பது அப்படிப்பட்ட வாரங்களில்தான் தெரியும்.

அந்த வாரத்தில் கொல்லையில் ஒரு முருங்கை இருந்தால்? காற்றில் அதுவும் ஒடியும். முருங்கையைப்போல் லேசில் ஒடியும் மரம் வேறில்லை. ஆனால், ஒடிந்த இடத்திலிருந்து சில வாரங்களில் துளிர்விட்டுவிடும். ஒடிந்து விழுந்த கிளையை நட்டால் அதுவும் மரமாகும். அன்றைக்கு ஒடிந்த கிளையின் கீரை, அன்றைக்கே குழம்புக்கும் ஆகும்!

எல்லோருக்கும் எட்டுமா இந்தத் தட்டு?

ஆரோவில் பக்கம் இருக்கும் உணவகங்களைப் பற்றி உள்ளூர் மக்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. அங்கே சாப்பிடுவது பெரும்பாலும் வெளிநாட்டினரும், வாரக்கடைசியில் காரில் வரும் நகரத்தவர்களும் என்பது. கூலி வேலைக்குப் போகிறவர் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போக மாட்டார். அவருக்கு நெல்லித்தோப்பு மெஸ்தான். வேலை களைப்பில் வருபவருக்கு வயிறு நிறையச் சோறும் காரசாரமான குழம்பும் வேண்டும். சாலட் தட்டு அந்தப் பசியைத் தீர்க்காது.

அதனால் இந்தக் கதையை, 'எல்லோரும் ஆரோவில் போய்ச் சாப்பிடுங்கள்' என்று முடிக்க முடியாது. அப்படி முடிந்தால் கிருஷ்ணா சொல்லும் விஷயத்துக்கே அது எதிரானது. ஒரு பிடி முருங்கைக்கீரைக்காகப் பத்து கிலோமீட்டர் பெட்ரோல் செலவழிப்பது எந்த ஊர் நியாயம்? அவர் உணவகம் ஒரு சாம்பிள் கடை என்று வைத்துக்கொள்ளலாம். துணி வாங்கப் போகிறவர் சாம்பிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவதுபோல, அங்கே ஒருமுறை ருசி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு கொம்பு நட வேண்டும். அவ்வளவுதான்.

மொட்டைமாடியும் ஐந்து தொட்டியும்

நிலம் இல்லையே என்கிறீர்களா? இவற்றுக்கு அரை ஏக்கர் தேவையில்லை.

பசலை: ஒரு தண்டை ஒடித்துத் தொட்டியில் நட்டால் போதும். பால்கனி கம்பியில் ஏறிவிடும். பருப்போடு கூட்டு, புளி விட்டுக் கடைசல் இரண்டுக்கும் ஏற்றது.

மணத்தக்காளி: பழுத்த பழத்தைப் பிசைந்து மண்ணில் தூவினாலே முளைக்கும். கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைக்கலாம். காயை மோரில் ஊறவைத்து வற்றல் போடலாம்.

பிரண்டை: ஒரு கணு போதும். தண்ணீர் அதிகம் கேட்காது. நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஓரத்து நாரை உரித்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறும்வரை வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைத்தால் நாக்கில் அரிக்காது. வதக்காமல் விட்டால் அரிக்கும்.

சுண்டைக்காய்: பெரிய தொட்டியோ கொல்லையோ வேண்டும். காயைத் தட்டி, விதையைக் கழுவிவிட்டு வதக்கினால் கசப்பு குறையும். பிள்ளைகளுக்கு முதலில் வத்தக்குழம்பில் நாலே நாலு போட்டுப் பழக்குங்கள்.

முருங்கை: மணிக்கட்டுப் பருமனுள்ள கொம்பு ஒன்று. தண்ணீர் தேங்காத இடம். தரையில் வைத்தால் மிக நல்லது. பெரிய டிரம்மிலும், அடிக்கடி கவாத்து செய்தால் கீரைக்காக வளர்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பப்பாளிக்காய் மிக நல்ல பொரியல்தான். ஆனால், கர்ப்பிணிகள் தவிர்த்துவிட வேண்டும். அடுத்து, சாலையோரத்தில் பார்த்த கீரையை எல்லாம் பறித்துச் சமைக்கக் கூடாது. சாக்கடை ஓரம், களைக்கொல்லி அடித்த வரப்பு, அடையாளம் தெரியாத செடி மூன்றும் ஆபத்து. கீரை தெரிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர்கள்தான் இப்போது அவசரம். மரம் விழுந்தால் மறுபடி நடலாம். மொட்டை மேட்டைக் காடாக்க முடியும் என்று ஆரோவில் காட்டிவிட்டது. ஆனால், எந்தக் கீரையை எந்த மாதம் பறிக்க வேண்டும், எதை வதக்கி எதை அவிக்க வேண்டும் என்று தெரிந்த ஒரு பாட்டி போய்விட்டால், அந்தப் பாடத்தை எந்த நர்சரியிலும் வாங்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பாட்டியிடமோ, பக்கத்துத் தெரு அம்மாவிடமோ ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'உங்க சின்ன வயசுல வேலியோரத்துல என்னென்ன பறிச்சுச் சாப்பிட்டீங்க?' பட்டியல் நீளும். அதில் ஒன்றே ஒன்றைச் சமைத்துப் பாருங்கள்.

நெல்லித்தோப்பில் மதியச் சாப்பாட்டில், கோஸ் பொரியலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் நெல்லிக்காய்த் தொக்கோ பச்சடியோ விழும் நாள் வந்தால், அந்தத் தோப்பு திரும்பி வர ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.